பதினோரு முறை மறுத்த துரை

எட்மண்டைப் பற்றி கோலார் தங்க வயலின் ஸ்கெலட்டன் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் "கம்ப்யூட்டர்ல பெரிய ஆளு" என்பார்கள். எட்மண்டையே கேட்டால் வேறு பதில் கிடைக்கும். பெங்களூர் ஆபீஸில் தனக்குக் கீழே ஒருவரும் இல்லை, மேலேதான் எல்லோரும், அவர்களில் பாதிப் பேர் தன் கல்யாண போட்டோவில் கைக்குழந்தையாக இருந்திருக்க வேண்டிய வயது என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். அடுத்தவர் சிரிப்பதற்குள் தான் சிரித்துவிட வேண்டும் என்கிற இந்த ஜாக்கிரதை அவருக்குச் சமீபத்தில் வந்தது. அதற்கு முன் அவர் இப்படி இல்லை. அதற்கு முன் அவர் ஒரு துரையாக இருந்தார்.

ஏறக்குறைய இருபது வருஷமாகக் காலை ரயிலில் பெங்களூர் போய் மாலை ரயிலில் திரும்புகிறவர் அவர். தினமும் இத்தனை மணி நேரம் ரயிலில் உட்காருகிற மனிதன் சீட்டாடுவான், இல்லை ஜெபக் கூட்டத்தில் சேருவான், இல்லை தூங்குவான். எட்மண்டுக்குச் சீட்டு வராது. ஜெபக் கூட்டத்தில் பாட்டு அவரால் தடம் மாறுகிறது என்று நாசூக்காகச் சொல்லி வேறு பெட்டிக்கு அனுப்பினார்கள். தூங்கினால் குறட்டை. மிஞ்சியது மடிக்கணினி. அதை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்பது வருஷம் ஆடியாடித் தட்டி, அவர் ஒரு பொருளை உண்டாக்கினார். அதற்கு 'கேஜ்' என்று பெயர் வைத்தார். சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கூண்டின் பெயர்.

கேஜ் என்றால் என்ன என்று மனைவி ஜூடித் கேட்டபோது எட்மண்ட் அரை மணி நேரம் விளக்கினார். அதைச் சுருக்கினால் இவ்வளவுதான். வீடு கட்டும்போதே சுவரில் பிளக் பாயிண்ட் வைத்துவிட்டால், பிறகு மிக்ஸி செருகலாம், இஸ்திரிப் பெட்டி செருகலாம், வேண்டாதபோது பிடுங்கிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் சுவரை இடிக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் ஒரு செயலி எழுதுகிறவனுக்கு அப்படிப்பட்ட சுவரைத் தயாராகக் கட்டிக் கொடுப்பதுதான் கேஜ். தனக்கு வேண்டிய பகுதிகளை அவனவன் எழுதிச் செருகிக்கொள்வான். ஓப்பன் சோர்ஸ் என்பதால் யாரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தம் எழுதியும் அனுப்பலாம். திருத்தத்தை ஏற்பதா தள்ளுவதா என்பது மட்டும் உரிமையாளர் கையில்.

"அப்போ ஒங்க கேஜுல மிக்ஸி இல்ல, வெறும் செவுருதான்" என்றாள் ஜூடித். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள். எட்மண்ட் அன்று அவளோடு பேசவில்லை.

கேஜில் எட்மண்டுக்கு உயிராக இருந்தது ஒரு விதி. மாமனார் எரிக் சுரங்கத்தில் கூண்டு மணி அடிக்கிற வேலையில் இருந்தவர். கீழே ஒரு லெவலில், அதாவது சுரங்கத் தளத்தில், இருந்து மணி வந்தால் மேலேயிருந்து அதே கணக்கில் பதில் மணி போக வேண்டும். பதில் போகாமல் கூண்டு ஓர் அங்குலம் நகராது. கல்யாணமான புதிதில் மாமனார் சாப்பாட்டு நேரத்தில் சொன்ன இந்தச் சங்கதியை எட்மண்ட் சாம்பாரோடு சேர்த்து விழுங்கி, அப்படியே மென்பொருளில் இறக்கிவிட்டார். கேஜில் எழுதிய செயலி திறக்கும்போது, செருகியிருக்கிற ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மணி அடிக்கும். எல்லாப் பகுதியும் பதில் மணி கொடுத்தால்தான் செயலி திறக்கும். ஒன்று வாய் திறக்காவிட்டாலும் மொத்தமும் நிற்கும். நிற்கும்போது திரையில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் வரும். தமிழில் சொன்னால், 'மணிக்குப் பதில் இல்லை. கூண்டு நகராது.' இதை எழுதிய வாரம் முழுவதும் எட்மண்ட் குளிக்கும்போதுகூட அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கேஜ் பிடித்தவர்கள் அதற்கு ஒரு நட்சத்திரம் போடலாம். ஒன்பது வருஷத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு நட்சத்திரங்கள். காலையில் பல் விளக்குவதற்கு முன் அவற்றை எண்ணிப் பார்ப்பார். ஒன்று குறைந்தால் அன்று முழுக்கக் கடுகடுவென்று இருப்பார். கேஜின் பக்கத்தில் உரிமையாளரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புனைபெயர். ஊர் என்று கேட்ட இடத்தில் 'உலகம்' என்று போட்டிருந்தார். கோலார் தங்க வயல் என்று போட்டால் வெளிநாட்டுக்காரன் மதிக்கமாட்டான் என்பது அவர் கணிப்பு.

அந்த வெளிநாட்டுக்காரர்களில் ஒருவன்தான் 'ஜிஎஸ்87'. அப்படித்தான் எட்மண்ட் நினைத்துக்கொண்டிருந்தார். பேருக்குப் பின்னால் ஆள் தெரியாது, படம் கிடையாது. கடிதங்கள் சுருக்கமான ஆங்கிலத்தில், காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் நடுவில் வரும். இல்லாவிட்டால் மாலையில் அதே மாதிரி இரண்டு மணி நேரத்துக்குள் வரும். எட்மண்ட் உலக வரைபடத்தை வைத்து நேரத்தைக் கூட்டிக் கழித்து, இவன் போலந்துப் பக்கம் தூக்கம் வராத ஒரு வாலிபன் என்று முடிவு கட்டினார். அது தான் ரயிலில் உட்கார்ந்திருக்கிற நேரமும் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

ஜிஎஸ்87 கேட்டது ஒன்றே ஒன்று. பதில் மணிக்காக முப்பது நொடி காத்திருக்கட்டும். அதற்குள் வராவிட்டால், இந்தப் பகுதி பேசவில்லை என்று சிவப்பில் காட்டிவிட்டு மிச்சத்தைத் திறக்கட்டும். கேட்டதோடு விடாமல் திருத்தத்தையும் அவனே எழுதி அனுப்பியிருந்தான். சுத்தமான வேலை. எட்மண்ட் அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல், "இது கேஜின் தத்துவத்துக்கு விரோதம்" என்று எழுதி மறுத்தார். இரண்டாம் முறை, கையேட்டைப் படிக்கச் சொன்னார். மூன்றாம் முறை, கையேட்டில் எந்தப் பக்கம் என்று சொன்னார். ஏழாவது கடிதத்தில் அவன், "நான் இருக்கும் இடத்தில் ஒரு நாளைக்குப் பல முறை மின்சாரம் போகும், எல்லாப் பகுதியும் எப்போதும் பதில் சொல்வது நடக்காத காரியம்" என்று எழுதியிருந்தான். அதற்கு எட்மண்ட், டேக்கல் ஸ்டேஷனுக்கும் மாலூருக்கும் நடுவில், நல்ல இங்கிலீஷில் இப்படித் தட்டினார்:

'அது உங்கள் ஊரின் பிரச்சினை. என் கேஜின் பிரச்சினை அல்ல.'

அனுப்பிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தார். பிரமாதமாக இருந்தது.

அதே நேரத்தில் எதிர் சீட்டில் இருந்த குணசுந்தரி தன் மடிக்கணினியைப் பட்டென்று மூடினாள். ராபர்ட்சன்பேட்டையில் இருந்து வருகிறவள், முப்பத்தைந்து இருக்கும். நான்கு வருஷமாக அதே பெட்டியில், அதே ஜன்னலோரத்தில் உட்காருகிறவள். ஒருநாள் அவள் திரையில் கட்டம் கட்டமாக எதையோ பார்த்ததால், அவள் ஏதோ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் என்று எட்மண்ட் தீர்மானித்திருந்தார். எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று கேட்கத் தோன்றவே இல்லை. பெரிய ஆள்.

"இன்னாம்மா, ஆபீஸ் டென்ஷனா?" என்று வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

"ஆபீஸ் இல்ல சார். ஒரு வெள்ளக்காரனோட சண்ட. ஞாயமா ஒண்ணு கேட்டா, ஏறி மிதிக்கிறான்."

எட்மண்டுக்கு ரத்தம் சூடேறியது. "வெள்ளக்காரன் கிட்ட எறங்கிப் போவாதீங்க. அவுங்க பேசறதே அப்பிடித்தான். திருப்பித் திருப்பிக் கேளுங்க. விடாதீங்க!"

அவள் நன்றியோடு நான்கு கடலை எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் ஜிஎஸ்87 எட்டாவது கடிதம் எழுதினான். இந்தப் போலந்துக்காரன் இவ்வளவு பிடிவாதக்காரனாக இருக்கிறானே என்று எட்மண்ட் அலுத்துக்கொண்டார். பதினொன்றாவதற்கு மறுப்பு எழுதும்போது ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: 'இல்லை.'

ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்மண்டும் ஜூடித்தும் ஆராதனை முடிந்து வீடு திரும்பினார்கள். மாமனார் எரிக் முன்னறையில் கட்டிலில் சாய்ந்திருந்தார். சுரங்கத் தூசு அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. இரண்டு வருஷமாக ஆக்சிஜன் மெஷின் மூக்கில் குழாய் போட்டுத்தான் அவரை நிறுத்தி வைத்திருக்கிறது. அன்று காலையிலிருந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. பதினொன்றரைக்கு ஒரு தடவை போய், வரும்போது பல்புகள் கண் கூசும்படி எரிந்தன. மெஷின் 'டப்' என்றது.

"இன்னாங்க! அப்பா மெஷின் பொகையுது!" என்று ஜூடித் அலறினாள்.

எட்மண்ட் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். அதற்குமேல் அந்த மெஷினுக்கு அவரால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு மங்கம்மா தன் வீட்டுக்காரருக்காக வைத்திருந்த சிறிய சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழாயை அதில் மாட்டினார்கள். மாமனாரின் உதடுகளில் நிறம் மெல்லத் திரும்பியது.

"இது ரெண்டு மணி நேரம் வரும்" என்றாள் மங்கம்மா. "அதுக்கு மேல தாங்காது."

இன்னொரு மெஷின் கிடைக்கும் இடம் ஒன்றுதான் பக்கத்தில். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், நெஞ்சு நோய்க்காரர்களுக்கு மெஷினை இரவல் கொடுக்கிற ஒரு சின்னக் குழு இருந்தது. இல்லாவிட்டால் வண்டி பிடித்து மாமனாரைக் கோலார் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். போன முறை அந்த வழியில் குலுங்கிப் போனதில் அவருக்கு மூச்சு பாதி வழியிலேயே திணறிவிட்டது. "ரெண்டு மணி நேரம்ங்க. மறந்துறாதீங்க" என்று ஜூடித் வாசல் வரை வந்தாள். எட்மண்ட் ஸ்கூட்டரை உதைத்தார்.

குழுவின் அறையில் மனோகர் இருந்தார். ரிட்டயரான கிளார்க். ஒரு வேலையை ஒழுங்காகச் செய்வதே அவருக்குப் பொழுதுபோக்கு. பின்னால் அலமாரியில் நான்கு மெஷின்கள் ஒரே மாதிரி, நம்பரில் மட்டும் வேறுபட்டு நின்றன.

"அண்ணா, ஒரு மெஷின் குடுங்க. மாமாவுக்கு."

"குடுக்கறேன் எட்மண்டு. ஸ்வல்ப இரு. சிஸ்டம் தொறக்க மாட்டேங்குது."

"சிஸ்டம் எதுக்கு? மெஷின் தான் கண்ணு முன்னாடி கீதே!"

"நாலு கீது. அதுல ரெண்டு ரிப்பேர். எந்த ரெண்டுன்னு சிஸ்டத்துலதான் கீது."

"போட்டுப் பாத்தா தெரியாதா?"

"ஓடும். நாலும் நல்லா ஓடும். வர்றது ஆக்சிஜனா வெறும் காத்தான்னு மெஷின் மூஞ்சியப் பாத்தா தெரியுமா? போன வருசம் ஒருத்தருக்கு மாத்திக் குடுத்துட்டேன். தெய்வ புண்ணியம், பொழச்சிக்கினாரு. இனிமே சிஸ்டம் சொல்லாம ஒண்ணும் குடுக்கறதில்ல."

"ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருக்கலாமே!"

"ஒட்டித்தான் இருந்துது. சிஸ்டம் வந்தப்புறம் எதுக்குன்னு கிழிச்சிட்டோம்."

எட்மண்டுக்கு வந்த கோபத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. இருபது வருஷ அனுபவத்தின் கனத்தோடு அவர் பேசத் தொடங்கினார். ஆபத்துக்கு உதவாத செயலி எதற்கு என்றார். உயிர் போகிற அவசரத்தில் திறக்காத சாமானை எழுதினவனுக்கு மூளை எங்கே இருக்கிறது என்றார். இப்படி ஒன்றைத் தன் ஆபீஸில் எழுதினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார். அவர் ஆபீஸில் அவரால் டீக்காரரைக்கூட வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பது மனோகருக்குத் தெரியாது.

"எந்த முட்டாளு அண்ணா எழுதுனது இத்த?"

"நான்தான் சார்" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

திரும்பினார். குணசுந்தரி மூச்சு வாங்க நின்றிருந்தாள். தோளில் மடிக்கணினிப் பை. மனோகர் போன் செய்ததும் சமையலைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாள். ரயிலில் தினமும் பார்க்கிற முகம் என்பதால் எட்மண்ட் ஒரு நொடி தடுமாறினார். ஆனால் வாய் நிற்கவில்லை. "நீங்களாம்மா? ஒங்களுக்கு எதுக்கும்மா இந்த வேல? தெரிஞ்சவங்க கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே! நான் எதிர்லயே ஒக்காந்துக்கினு இருக்கேன்!"

அவள் மேசையில் இருந்த திரையை அவர் பக்கமாகத் திருப்பினாள்.

கறுப்புத் திரையின் நடுவில் வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாசகம் இருந்தது.

மணிக்குப் பதில் இல்லை. கூண்டு நகராது.

எட்மண்ட் அதைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். வெளியே சந்தில் யாரோ கொத்தமல்லி விற்றுக்கொண்டு போனார்கள். குளிக்கும்போது சொல்லிப் பார்த்து ரசித்த வாசகம், எழுத்துக்கு எழுத்து, முற்றுப்புள்ளி உட்பட அவருடையது.

குணசுந்தரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் மடிக்கணினியைத் திறந்துகொண்டே பேசினாள். விரல்கள் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. "அஞ்சு ஏரியாவுல அஞ்சு பழைய கம்ப்யூட்டர் சார். எந்த மெஷின் எங்க கீது, எது நல்லா கீதுன்னு அங்கங்க நம்ம ஆளுங்க போடுவாங்க. எல்லாத்தையும் இங்க கோத்து வெச்சிருக்கேன். அஞ்சும் பதில் சொன்னாத்தான் இது தொறக்கும். இன்னிக்கு மாரிகுப்பத்துல கரண்டு இல்ல. முடிஞ்சிது."

"ஏன்... ஏன் அப்பிடி வெச்சீங்க?" எட்மண்டின் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"நான் வெக்கல. கேஜுன்னு ஒண்ணு கீது, இலவசமா கெடைக்குது, அதுல செஞ்சேன். நல்ல சாமான் சார், பொய் சொல்லக்கூடாது. இந்த ஒரு எடத்துலதான் மொரண்டு. திருத்தம் எழுதி பதினோரு வாட்டி அனுப்பிச்சேன். தொர ஒத்துக்கல."

"தொரயா?"

"அந்தக் கேஜோட ஓனரு. சுரங்கம், மணி, லெவலுன்னு எழுதறான் இல்ல, இங்கிலாந்துல சுரங்கத்துப் பக்கத்துக்காரனா இருப்பான்னு நெனைக்கிறேன். பேசறதும் அப்பிடித்தான். சுரங்கத்துல எங்க தாத்தாவ மேய்ச்ச தொரங்க இப்பிடித்தான் பேசுவாங்களாம். 'நோ'ன்னு ஒரு வார்த்த. அவ்ளோதான்."

"நீங்களே மாத்தி வெச்சுக்கலாமே."

"மாத்தினேன். ரெண்டு வாட்டி. தொர புதுசு புதுசா அனுப்பிக்கினே இருக்கான். இவரு அப்டேட்டுன்னு வந்தா அமுக்கிடறாரு. என் திருத்தம் அழிஞ்சி போவுது."

"அமுக்கச் சொல்லி அதுவே கேக்குதும்மா. அமுக்காம எப்பிடி?" என்றார் மனோகர். அப்டேட் என்று அழகான பச்சைப் பொத்தானை வைத்து, 'தாமதிக்காதீர்கள்' என்று எழுதியதும் எட்மண்ட்தான்.

சுவர்க் கடிகாரம் பன்னிரண்டே முக்கால் காட்டியது. ஜூடித்தின் போன் வந்தது. "முள்ளு பாதிக்குக் கீழ வந்துடுச்சிங்க. இன்னா பண்றீங்க அங்க?" வந்துவிடுகிறேன் என்று சொல்லி எட்மண்ட் போனை வைத்தார். அங்கே நின்று அவர் பண்ணிக்கொண்டிருந்தது ஒன்றுமில்லை. தன் சொந்தக் கேஜுக்குள், அடுத்தவள் திருத்தம் ஏறுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே எந்த வரியில் கைவைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வாயைத் திறந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பாளே என்று பயந்து வாயை மூடிக்கொண்டார். அந்தப் பயத்தை நினைத்தால் இன்றும் தன்னைத் தானே அறைந்துகொள்ளத் தோன்றும் என்பார்.

பன்னிரண்டு நிமிஷத்தில் அவள் முடித்தாள். அவர் சொல்லியிருந்தால் மூன்று நிமிஷம். முப்பது நொடி கழித்து மாரிகுப்பம் சிவப்பில் மின்னியது. மிச்சமெல்லாம் திறந்துகொண்டது. அலமாரியில் இருந்த ஒன்பதாம் நம்பரும் பதினாலாம் நம்பரும் நல்ல மெஷின்கள் என்று திரை சொன்னது. மனோகர் ஒன்பதாம் நம்பரைத் தூக்கி ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் வைத்துக் கயிறு போட்டார்.

"மொதல்ல போங்க சார். பெரியவரைப் பாருங்க" என்றாள் குணசுந்தரி. முட்டாள் என்று சொன்னதை அவள் ஞாபகத்தில் வைத்திருக்கிற மாதிரியே தெரியவில்லை. அது எட்மண்டுக்கு இன்னும் உறைத்தது.

வீட்டில் சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது. மெஷினைச் செருகினார்கள். கரண்ட், பெரிய மனது பண்ணி, இருந்தது. மாமனார் கால் மணி நேரத்தில் கண்ணைத் திறந்து, தண்ணீர் கேட்டார், பிறகு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்ன ஆயிற்று என்று கேட்டார். ஜூடித் சமையலறைக்குள் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

எட்மண்ட் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "மாமா, ஒண்ணு கேக்கறேன். மணிக்கு பதில் வரலைன்னா கேஜ் நகராதுன்னு சொல்வீங்களே."

"நகராது."

"பதிலே வரலைன்னா?"

"ஏணி வழியா ஆளு எறங்கிப் போயி இன்னா ஏதுன்னு பாப்பான். வேற இன்னா பண்றது?" கிழவர் குழாயைச் சரிசெய்துகொண்டு மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ இன்னா நெனச்ச மாப்ள? பதில் வர்ற வரைக்கும் கீழ கெடக்கறவன் கெடக்கட்டும்னு பீடி புடிச்சிக்கினு நின்னுக்கினு இருப்போம்னா?"

எட்மண்ட் அப்படித்தான் நினைத்திருந்தார். மாமனார் சொன்னதில் பாதியைக் கேட்டதும் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்து போயிருக்கிறார். அந்தப் பாதியை வைத்து ஒன்பது வருஷம் தத்துவம் பேசியிருக்கிறார்.

மறுநாள் காலை ரயிலில் வழக்கமான பெட்டி, வழக்கமான சீட்டு. எதிரே ஜன்னலோரத்தில் குணசுந்தரி. பெரியவர் எப்படியிருக்கிறார் என்று விசாரித்தாள். நன்றாக இருக்கிறார் என்றார். அவள் மடிக்கணினியைத் திறந்து தட்ட ஆரம்பித்தாள். பங்காரப்பேட்டை தாண்டியதும் எட்மண்டின் திரையில் அறிவிப்பு வந்தது. ஜிஎஸ்87-இடமிருந்து பன்னிரண்டாவது கடிதம். இந்த முறை இரண்டே வரி. 'நேற்று எங்கள் ஊரில் ஒரு முதியவருக்கு மூச்சு போயிருக்கும். தயவுசெய்து இதை ஏற்றுக்கொள்ளுங்கள்.'

எட்மண்ட் பொத்தானை அமுக்கினார். ஏற்கப்பட்டது.

எதிர் சீட்டில் குணசுந்தரி சின்னதாகத் துள்ளினாள். "சார்! தொர ஒத்துக்கினான்!" பெட்டியில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வேர்க்கடலைக்காரரைக் கூப்பிட்டுப் பெரிய பொட்டலமாக வாங்கி, எட்மண்டின் கைநிறைய அள்ளிப் போட்டாள். "நீங்க அன்னிக்கு விடாதீங்கன்னு சொன்னீங்களே, அதனாலதான் சார். இல்லன்னா ஏழாவதோட விட்டிருப்பேன்."

எட்மண்ட் கடலையோடு உட்கார்ந்திருந்தார். இப்படியே விட்டுவிடலாம். இங்கிலாந்தில் ஒரு துரை திருந்திவிட்டான், கதை முடிந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. கடலையை அள்ளிப் போட்டபோது அவள் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்தக் கடலையில் ஒன்றைக்கூட வாயில் போட அவருக்குக் கை எழும்பவில்லை.

தன் மடிக்கணினியை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். கேஜின் பக்கம், உரிமையாளர் மட்டுமே திறக்கக்கூடிய உள்பக்கம்.

"நான்தாம்மா அந்தத் தொர" என்றார்.

குணசுந்தரி திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். டேக்கலில் ரயில் நின்று, கிளம்பியது. அவள் தன் திரையில் கடிதங்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளிக்கொண்டே போனாள். பதினொன்று, பத்து, ஒன்பது. ஏழாவதில் நிறுத்தி, மடிக்கணினியை அவர் முழங்காலுக்கு நேராகத் திருப்பினாள். 'அது உங்கள் ஊரின் பிரச்சினை' என்று அங்கே நல்ல இங்கிலீஷில் இருந்தது.

"நீங்க எந்த ஊரு சார்?" என்று கேட்டாள்.

கேஜின் பக்கத்தில் ஊர் என்ற இடத்தில் 'உலகம்' என்று இருந்ததை இரண்டு பேருமே பார்த்தார்கள்.

"ஸ்கெலட்டன்" என்றார் எட்மண்ட்.

"அங்க கரண்டெல்லாம் ஒழுங்கா கீதா?"

"இல்லம்மா" என்றார். "நேத்து போய் வந்ததுலதான் எங்க மாமா மெஷின் பொகஞ்சிது."